ஹாஷிம் நானாவின் ஐம்பத்திரண்டு கரண்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வெள்ளவத்தையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். மூத்திரப் போத்தலை மூடாமல் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறவனிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் கோபப்படுவது? டொக்டர் நாகேந்திரத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பெயர்தான் ஆராய்ச்சிக்கூடம். டொக்டருடைய வீட்டுக் கார்க் கொட்டகையிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு, ஒரு நீள மேசையும் இரண்டு ஸ்பிரிட் அடுப்பும் ஒரு தராசும் கொஞ்சம் கண்ணாடிக் குழாய்களும் வைத்திருந்தோம். கடற்காற்றுக்கு அடுப்பு அடிக்கடி அணைந்துபோகும். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

என் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. கொட்டாஞ்சேனைச் சமையல்காரர் ஹாஷிம் நானாவைப் பற்றி. அண்ணன் முறையில் ஊருக்கெல்லாம் அவர் நானா. அந்த மனிதரை நான் ஒரு நாள் முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொன்னேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

1938ஆம் ஆண்டு. சலரோகம் என்கிற சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் ஒரு புண் வந்தால் அந்தக் காலத்தில் அது லேசில் ஆறாது. முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை. இன்சுலின் ஊசி வந்து பதினைந்து வருடமாகியிருந்தாலும் அதைக் கடுமையான நோயாளிகளுக்கு என்று வைத்திருந்தார்கள். நடுத்தர வயதில் மெல்ல மெல்ல வருகிற சலரோகத்துக்கு ஊசியே இல்லாமல், சாப்பாட்டை மட்டும் ஒழுங்கு செய்து, சிறுநீரில் சீனி இறங்காமல் வைத்திருந்தால் கால் புண் தானாக ஆறுமா? இதுதான் டொக்டர் நாகேந்திரத்தின் கேள்வி. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்த ஒரு கேள்வியைத்தான் அவர் சாப்பிட்டு, அதோடுதான் படுத்தார். காலில் புண் உள்ள இருபத்துநான்கு பேரைச் சேர்த்தோம்.

ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவர்கள் போத்தலோடு வருவார்கள். நான் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைப்பேன். நீலம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், தோடம்பழ நிறம் என்று ஏறி, செங்கல் நிறம் வந்துவிட்டால் ஆள் சீனி மூட்டை என்று அர்த்தம். பிறகு புண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, அதைக் கட்டம் போட்ட தாளில் வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணுவேன். கட்டம் குறைந்தால் புண் சுருங்குகிறது. டொக்டர் ஊசி முனையால் பாதத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் ஆளிடம், தெரிகிறதா என்று கேட்பார். பலருக்குத் தெரியாது. நோய் அவர்களுடைய பாதத்து நரம்புகளைச் சத்தமில்லாமல் தின்றிருந்தது.

ஹாஷிம் நானாவுக்கும் அப்படித்தான். ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு குதிக்காலில் ஏறி மூன்று நாளாக அதனோடேயே நடந்திருக்கிறார். மனைவி லுத்பியா உம்மா பாயில் இரத்தக் கறையைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியவந்தது. இரண்டு பேருமாக வந்த முதல் நாளில் குழாய் ஒரே கொதியில் செங்கல் நிறமாகிவிட்டது. ஆஸ்பத்திரி சேர்ஜன் ஏற்கெனவே பார்த்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் புத்தி என்று சொல்லியிருந்தார். டொக்டர் அவரிடம் பேசி வருட முடிவு வரை தவணை வாங்கினார்.

ஹாஷிம் நானாவுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. ஆள் உயரம், தாடி கறுப்புப்பாதி வெள்ளைப்பாதி, குரல் மட்டும் சின்னப் பிள்ளைக் குரல். கொட்டாஞ்சேனையிலும் மாளிகாவத்தையிலும் முஸ்லிம் கல்யாணம் என்றால், நாள் குறிக்கும் முன் ஹாஷிம் நானாவுக்கு அந்த நாள் தோதா என்று கேட்பார்கள். மஞ்சள் சோறு, இறைச்சி, அச்சாறு எல்லாம் செய்வார். ஆனால் அவருடைய பேர் நின்றது வட்டிலப்பத்தில். கித்துள் கருப்பட்டியைத் தேங்காய்ப் பாலில் கரைத்து, முட்டை அடித்துச் சேர்த்து, ஏலம் போட்டு அவர் அவித்து இறக்கினால் அடுத்த தெருவில் போகிறவன் நின்று மோந்துவிட்டுப் போவான். வருகிற பெப்ரவரியில், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரத்தில் அவருடைய ஒரே மகள் ரபீக்காவுக்குக் கல்யாணம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர் தன் பிள்ளைக்கு அடுப்படியில் ஊன்றுகட்டையில் சாய்ந்துகொண்டு நிற்பதா? இரண்டு காலில் நின்று சமைக்க வேண்டும். டொக்டரிடம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

டொக்டர் அவருக்குச் சாப்பாட்டு அட்டை எழுதிக் கொடுத்தார். சோறு இவ்வளவு, கீரை இவ்வளவு, இனிப்பு அறவே இல்லை. அட்டையில் இருந்த கேள்விகளை வாசித்துப் பதிலை எழுதுவது என் வேலை. இனிப்புச் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன்.

“நான் இனிப்பு தின்டு ஏழு வருஷம் தம்பி. வல்லாஹி.”

அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னார். லுத்பியா உம்மாவும் அதையே சொன்னார். வீட்டில் ஒரு பேரீச்சம்பழத்தைக்கூடத் தொடுவதில்லையாம், தேத்தண்ணியும் சீனி இல்லாமல்தானாம். எழுதிக்கொண்டேன்.

மறு சனி, செங்கல். அதற்கு அடுத்த சனியும் செங்கல். ஐந்து சனிக்கிழமை, ஐந்து குழாய், ஐந்தும் கூரை ஓடு மாதிரி. புண் நாற்பத்தொரு கட்டத்தில் தொடங்கி நாற்பத்தாறுக்கு ஏறியது. ஆறாவது சனிக்கிழமை நான் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “நானா, நீங்கள் பொய் சொல்லுறியள்” என்றேன்.

அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். லுத்பியா உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொய் என்றால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும், இது பொய் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அவர் போன பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டு, நோயாளியைத் திட்டுவது ஆராய்ச்சியில் சேர்ந்ததல்ல என்று அமைதியாகச் சொன்னார். அமைதியாகச் சொல்வதுதான் அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

அக்டோபர் கடைசியில் நோன்பு மாதம் பிறந்தது. சலரோகக்காரர் பட்டினி கிடக்க வேண்டாம் என்று டொக்டர் தடுத்துப் பார்த்தார். ஊசி போடாத ஆள்தானே, உடம்புக்கு ஏலாது என்று தெரிந்தால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஹாஷிம் நானா நோன்பு பிடித்தார். முதல் சனிக்கிழமை குழாய் தோடம்பழ நிறத்தில் நின்றது. இரண்டாவது சனி பச்சை. மூன்றாவது சனிக்கிழமை நான் கொதிக்க வைக்கிறேன், வைக்கிறேன், நிறம் மாறவே இல்லை. மருந்து பழுதாகிவிட்டதோ என்று புதுப் போத்தல் உடைத்து மறுபடி செய்தேன். நீலம்! ஹாஷிம் நானா குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மணப்பெண்ணைப் பார்க்க வந்த மாமியார் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் முப்பது கட்டத்துக்கு இறங்கியிருந்தது.

டொக்டரைப் பிடிக்க முடியவில்லை. பட்டினிதான் மருந்து என்று ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். இருபத்துநான்கு பேரையும் வாரத்தில் நாலு நாள் பகலில் பட்டினி போடத் திட்டம் தீட்டினார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே பாட்டுக்கூடப் பாடினேன் என்று என் மனைவி கனகேஸ்வரி இன்னமும் சொல்லிச் சிரிப்பாள்.

நோன்புப் பெருநாள் வந்தது, நோன்பு முடிந்தது. இரண்டே வாரத்தில் குழாய் மறுபடி செங்கல். புண் முப்பத்தெட்டு. சேர்ஜனிடமிருந்து கடிதம் வந்தது. வருட முடிவு என்று சொன்ன தவணையை அவர் மறக்கவில்லை. ஜனவரி மூன்றாம் தேதிக்குக் கட்டில் ஒதுக்கியாயிற்று என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஹாஷிம் நானாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மகளுடைய கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் அது என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு, அடுப்பை முக்காலி உயரத்துக்கு இறக்கிக் கட்டினால் உட்கார்ந்துகொண்டு கிண்டலாமா என்று என்னிடமே கேட்டார்.

பட்டினிக் கட்டுரையில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையின் பெயர் பாயிஸ். மாளிகாவத்தையில் புத்தகம் கட்டுகிறவர், எங்கள் இருபத்துநான்கு பேரில் ஒருவர். அவரும் முப்பது நோன்பும் பிடித்தார், ஒன்றுகூட விடவில்லை. ஆனால் அவருடைய குழாயின் செங்கல் நிறத்தில் முப்பது நாளும் ஒரு மாற்றமும் இல்லை. பட்டினி ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு இல்லையா? டொக்டர் இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“சிறீ, கேள்வி கேட்டது போதும். நீர் அவரின்ர அடுப்படியில போய் ஒரு முழுநாள் இரும். வாய்க்குள்ள போற எல்லாத்தையும் எழுதும்.”

பெருநாள் மாதத்தில் முஸ்லிம்கள் விருப்பப்பட்டு ஆறு நோன்பு பிடிப்பார்கள். பெரிய டொக்டரே நோன்பைப் புகழ்கிறார் என்ற தைரியத்தில் ஹாஷிம் நானா அதையும் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் மூன்றாவது நாளில் மாளிகாவத்தையில் ஒரு கல்யாணச் சமையல் அவருக்கு இருந்தது. காலை ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்ராமில் ஏறி, குறிப்புப் புத்தகத்தோடு போய்ச் சேர்ந்தேன். பின் வளவில் கிடுகுப் பந்தல், ஏழெட்டு அடுப்பு, ஆளை விழுங்குகிற சட்டிகள். என்னைக் கண்டதும் ஹாஷிம் நானா சிரித்தார். பொய்யர் என்று சொன்னவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்து, புகை படாத பக்கத்தில் போடச் சொன்னார். எனக்குத் தேத்தண்ணியும் வந்தது. நோன்புக்காரர் முன்னால் எப்படிக் குடிப்பது என்று நான் தயங்க, ஆறவிட வேண்டாம் என்று அதட்டினார்.

மூன்று மணி நேரம் எழுத ஒன்றும் இல்லை. பிறகு வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி கரைக்கத் தொடங்கினார்கள். முட்டை சேர்ப்பதற்கு முன் ஹாஷிம் நானா கரண்டியில் கொஞ்சம் எடுத்தார், வாயில் விட்டார், நாக்கில் புரட்டினார், முகத்தைத் திருப்பி அடுப்புச் சாம்பலில் துப்பினார். “ரெண்டு கருப்பட்டி போடு” என்றார். மறுபடி எடுத்தார், துப்பினார். அடுத்த சட்டிக்குப் போனார். அச்சாறில் ஒரு கரண்டி, துப்பினார். சர்பத்தில் ஒரு கரண்டி, துப்பினார். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏன் துப்புறியள் என்று கேட்டேன்.

“நோன்பு தம்பி. சமைக்கிறவன் நாக்குல வெச்சுப் பாக்க ஏலும். முழுங்கக் கூடா.”

பதிலை எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துவிட்டு அந்த வரியைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

“நோன்பு இல்லாத நாளில?”

“நோன்பு இல்லாத நாளுல என்னத்துக்குத் துப்புற?”

“அப்ப முழுங்குறியள்.”

“அது ருசி பாக்கிறது தானே தம்பி. திங்கிற இல்லயே.”

சொல்லிவிட்டு அவரே நின்றார். கரண்டியிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. தேங்காய்ச் சாக்கின்மேல் மெல்ல உட்கார்ந்தார். சமையல்காரன் ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது என்பது அவருக்குச் சின்ன வயது முதல் பழகிய கணக்கு. நோன்பையே முறிக்காத ஒரு காரியத்தைச் சலரோக அட்டையில் எழுதவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான் இனிப்புச் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன், அவர் இல்லை என்றார். அவர் சொன்னது முழு உண்மை. என் கன்னத்தில் நானே இரண்டு போட்டிருக்கலாம்.

அன்று மாலைவரை ஒரு வேலை செய்தோம். அவர் ருசி பார்க்கும் ஒவ்வொரு தடவையும், நோன்பில்லாத நாளில் எவ்வளவு எடுத்து விழுங்குவாரோ அதே அளவை ஒரு எனாமல் கோப்பையில் ஊற்றச் சொன்னேன். ஐம்பத்திரண்டு கரண்டி. கோப்பையைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் வந்து, ஆராய்ச்சிக்கூடத் தராசில் நிறுத்தேன். ஒன்றேகால் றாத்தல் கருப்பட்டிப் பாலும் சர்பத்தும்! வாரத்தில் நாலு கல்யாணம் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டொக்டர் கோப்பையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், பட்டினிக் கட்டுரையை எடுத்து நான்காகக் கிழித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பாயிஸை மறுநாள் கூப்பிட்டு விசாரித்ததில், அவர் நோன்பு திறந்த கையோடு தினமும் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் சாப்பிட்டதாக வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். நோன்பு பிடித்த மனுஷனுக்கு அதுகூட இல்லையா என்று டொக்டரைத் திருப்பிக் கேட்டாராம்.

காரணம் பிடிபட்டது, சரி. ஆனால் ஹாஷிம் நானாவின் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது. நோன்புக் காலத்தில் சமையல்காரன் துப்பினால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். மற்ற நாளில் கல்யாண வீட்டு வட்டிலப்பத்தை வாயில் விட்டுத் துப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? ருசி பார்க்காமலே சமைத்தால் என்ன என்று கேட்டேன். கனகேஸ்வரி படையலுக்குப் பொங்கும்போது ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை, ஆனாலும் உப்பு, இனிப்பு எல்லாம் அளவாகத்தான் இருக்கும் என்றேன்.

“சாமி கொற செல்லாது தம்பி. மாப்பிள்ள ஊட்டார் செல்லுவாங்க.”

புண் வந்த நாளிலிருந்தே கான்வஸ் சப்பாத்துப் போட்டுப் புண்ணை மறைத்து வந்தவர் அவர். காலில் ஆறாத புண் உள்ள சமையல்காரனை யார் அடுப்படிக்குக் கூப்பிடுவார்கள்? இரகசியமாகத் துப்பிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். நானும் அன்று கூடப் போனேன். கணக்கெடுக்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயத்தில் போனேன்.

கொட்டாஞ்சேனையில் புவாத் ஹாஜியார் வீடு. பெரிய வியாபாரி, பெரிய கல்யாணம். நாலு சட்டி நல்லபடியாகப் போனது. ஐந்தாவது சட்டியில் அவர் திரும்பித் துப்பும்போது மாடி ஜன்னலில் மாப்பிள்ளையின் மாமி ஸமீமா நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான். சமைத்தவரே வாயில் வைக்க முடியாமல் துப்பினார் என்ற செய்தி மாடியிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து தெருவுக்கும் நான் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் போய்விட்டது. கருப்பட்டியில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டதாம், முட்டை அழுகலாம், ஆளுக்கு ஆள் ஒன்று. புவாத் ஹாஜியார் ஆட்களோடு பின் வளவுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? நான் முன்னால் போய்க் கத்தத் தொடங்கினேன். ஹாஷிம் நானா என் தோளில் கை வைத்துப் பின்னுக்கு இழுத்தார். சப்பாத்தைக் கழற்றினார். கட்டுப் போட்ட காலை எல்லோரும் பார்க்க முன்னால் வைத்தார்.

“எனக்கு சீனி வருத்தம் ஹாஜியார். முழுங்கினா இந்தக் காலை வெட்டுவாங்க. அதான் துப்பின. சமையல்ல கொற இல்ல. வேணாமென்டா செல்லுங்க, அடுப்ப அணைச்சிட்டுப் போறன்.”

ஹாஜியார் காலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுக்கொண்டார். விழுங்கினார். வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டு ஆட்களை விரட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் போன ஹாஜியார் கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து, என்னை வாழைமரத்துக்குப் பின்னால் கூப்பிட்டார். தான் ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கிறது, இரவில் ஏழெட்டுத் தரம் எழும்பவேண்டியிருக்கிறது, இது அந்த வருத்தமாக இருக்குமா என்று காதோடு கேட்டார். அவர் போனதும் அவருடைய மச்சான் வந்தார். அவர் போனதும் ஸமீமா மாமி ஒரு சின்னப் பெண்ணை அனுப்பி, பொம்பிளைகளும் வரலாமா என்று கேட்டுவிடச் சொன்னார். சோறு வைக்கும் நேரம்வரை நான் வாழைமரத்தடியிலேயே நின்றேன். வெட்கத்தில் வருடக் கணக்காக வாய் திறக்காத ஆட்கள், ஒருவர் திறந்ததும் எல்லோரும் திறந்தார்கள். மறு சனிக்கிழமை பதினொரு புதுப் போத்தல் என் மேசையில் இருந்தது. எல்லாம் ஒழுங்காக மூடப்பட்டிருந்தன.

அதன் பிறகு கொட்டாஞ்சேனையில் ஹாஷிம் நானா துப்புவது ஒரு தனி மதிப்பாகிவிட்டது. அவர் துப்பினால்தான் ருசி பார்த்திருக்கிறார் என்று அர்த்தம் என்று கல்யாண வீட்டார் அடுப்படிக்கு வந்து நின்று பார்ப்பார்களாம். அவர் அதற்கென்றே ஒரு பித்தளைப் படிக்கம் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை குழாய் நீலம். புண் பதினெட்டுக் கட்டம். டொக்டர் அந்தத் தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு சேர்ஜனிடம் போனார். இன்னும் ஒரு மாதம் கிடைத்தது. ஜனவரியில் ஒன்பது, ஐந்து, இரண்டு. அந்த மாதக் கடைசியில் நான் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலோடு குனிந்தால், வரைய விளிம்பு இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது. சேர்ஜன் தானே வந்து பார்த்தார். அழுத்திப் பார்த்தார், கீழே மேலே பார்த்தார், பிறகு கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு டொக்டரின் கையைக் குலுக்கினார். லுத்பியா உம்மா கொட்டகை வாசலில் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

உணர்ச்சி மட்டும் வரவில்லை. டொக்டர் ஊசி முனையால் தொட்டால் அன்றும் அவருக்குத் தெரியவில்லை. புண்ணை ஆற்ற முடிந்தது, செத்த நரம்பு உயிர்க்குமா என்பதற்கு யாரும் வாக்குத் தர முடியாது என்று டொக்டர் பச்சையாகச் சொன்னார். உணர்ச்சியில்லாத காலில் எந்த நிமிடமும் இன்னொரு சிரட்டை ஏறலாம். தெரியாமலே ஏறும். தினமும் பாதத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஹாஷிம் நானா தலையாட்டினார், கால் கிடைத்ததே போதும் என்றார்.

டொக்டர் தன் கட்டுரையைப் புதிதாக எழுதினார். அதில் நான் ஒரு வரி கேட்டு வாங்கினேன். நோயாளி உண்மைதான் சொன்னார், கேள்வி கேட்டவர்தான் பிழையாகக் கேட்டார் என்று போட வேண்டும் என்றேன். டொக்டர் அதை இங்கிலீசில் மரியாதையாக எழுதிப் போட்டார். ஹாஷிம் நானாவுக்கு அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, கல்யாணத்துக்குக் கனகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எங்களுக்கென்று மரக்கறி தனியாக ஆகுமாம், வட்டிலப்பத்தில் முட்டை இருப்பது பற்றித் தான் யாரிடமும் சொல்லப் போவதில்லையாம்.

ரபீக்காவின் கல்யாணம் பெப்ரவரியில், கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டு வளவில் நடந்தது. நான் அன்றைக்கென்று புதுத் தோல் சப்பாத்து வாங்கிப் போட்டிருந்தேன். விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்ற மனிதர், மாப்பிள்ளை வரும் நேரத்தில் குளித்து, இடுப்பில் வெள்ளைச் சாரம் கட்டி, கோட்டுப் போட்டு, காலுக்கு மெல்லிய செருப்போடு வாசலுக்கு வந்து நின்றார். டொக்டர் வந்திருந்தார். புவாத் ஹாஜியார் வந்திருந்தார், வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு நிறுத்தப் போவதாக எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டு. பாயிஸ் யாருக்கும் ஒன்றும் அறிவிக்காமல் சாப்பாட்டுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஊர்வலம் தெரு முனையில் திரும்பியது. வாசலில் ஒரே நெரிசல். பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ள, நான் தடுமாறி முழுப் பாரத்தையும் ஹாஷிம் நானாவின் புண் ஆறிய இடது காலின்மேல் வைத்துவிட்டேன்.

“யா அல்லாஹ், காலை மிதிச்சிட்டீங்களே!”

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவரும் என்னையே பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்து அந்தக் காலைப் பார்த்தோம். ஊர்வலம் வந்துகொண்டிருந்தது, ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், மாப்பிள்ளையை வரவேற்க வேண்டியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மண்ணில் எனக்கு முன்னால் நீட்டினார்.

“இன்னொருக்கா மிதிங்க தம்பி.”

நான் மிதித்தேன். கண்ணீர் வழிய, புதுச் சப்பாத்தோடு, நன்றாக அழுத்தி மிதித்தேன். அவர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைக் குரலில் சிரித்தார். பெண்கள் நின்ற பக்கம் திரும்பி, “லுத்பியா, நோவுது! எனக்கு நோவுது!” என்று கூப்பிட்டார்.